மிச்சப் பனை

சாவி திரும்பிய சத்தம் கேட்டதா தம்பி? மண்டபத்து ஸ்டோர் ரூமை வெளியே பூட்டிவிட்டார்கள். என்னைக் காவல் காக்க உங்களை உள்ளே அனுப்பினார்கள், அது சரி. உங்களையும் சேர்த்துப் பூட்டுகிறார்களே, ஏன் என்று கேட்டீர்களா? கேட்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் நீங்கள் செக்யூரிட்டி வேலைக்கு வந்திருக்க மாட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். நான் இந்த ஐஸ்கிரீம் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்கிறேன். சிறையில் இதைவிட மோசமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டையில் பட்டுராஜன் என்று போட்டிருக்கிறது. பட்டுராஜன், நான் உங்களை நீ என்று சொல்ல மாட்டேன். உழைக்கிறவரை ஒருமையில் அழைக்கக் கூடாது என்பது எங்கள் பீடித் தொழிலாளர் சங்கத்தின் முதல் விதி. விதியை எழுதியவனே நான்தான். தவசிக்கனி. நெல்லைச் சீமையில் பீடி சுற்றிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். என்ன, நோட்டீஸ் அண்ணாச்சியா? ஆமாம், அப்படியும் சொல்வார்கள். கேலியாகச் சொன்னார்கள், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மீதியெல்லாம் நோட்டீஸில் படித்தது. படித்தது பாதி, எழுதியது பாதி.

கட்டுக்கட்டாகக் கொண்டுவந்ததை உங்கள் ஆட்கள் வாசலிலேயே பிடுங்கிவிட்டார்கள். சட்டைக்குள் ஒன்று வைத்திருக்கிறேன். இந்தாருங்கள், வாசியுங்கள். சத்தமாக வாசியுங்கள், எனக்கு என் எழுத்தைக் காதால் கேட்கப் பிடிக்கும்.

'பேச்சித்தாயே, யார் வீட்டில் பாடுகிறாய்?'

எப்படி இருக்கிறது? என்ன? அக்காவை நீ என்று போட்டிருக்கிறேனா? அது வேறு தம்பி. அவள் நான் உண்டாக்கினவள்.

கேளுங்கள், இப்போது அங்கே பாடிக்கொண்டிருக்கிறாளே, இந்தச் சுவர் அதிர்கிறதே, அந்தக் குரல். நாடே கொண்டாடுகிற நாட்டுப்புற அரசி. டிவியில் நடுவர் நாற்காலி. துபாய், சிங்கப்பூர். வெளியே பேனரில் மணமக்கள் படத்தைவிட அவள் படம் பெரியது, பார்த்தீர்களா? இன்றைக்குக் கச்சேரி முடிகிற நேரத்தில் அந்தப் பாட்டைப் பாடுவாள். எந்தப் பாட்டு என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்திலும் போட்டிருப்பீர்கள். அதோ, தலையாட்டுகிறீர்கள். ஆடினீர்களா? மச்சான் தோளில் ஏறி ஆடினீர்களா? நன்று.

அந்தப் பாட்டு என் பாட்டு. அதை அவள் எங்கே வேண்டுமானாலும் பாடட்டும், இந்த வீட்டுக் கல்யாணத்தில் பாடக் கூடாது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர் சந்திரசேகர். அவர் அப்பாவின் பீடிக் கம்பெனியின் இலை லாரிதான் அவள் புருஷன் மேல் ஏறியது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல விடாமல் ஐஸ்கிரீமோடு பூட்டிவிட்டார்கள்.

மண்டப மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "அக்காதான் உங்கள உள்ள உக்கார வைக்கச் சொன்னாவ" என்றார். பொய். நிர்வாகம் எப்போதும் தொழிலாளியின் பெயரில்தான் கதவைப் பூட்டும். நாற்பது வருஷமாக இதை எழுதிவருகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நேரம் இருக்கிறது, நமக்கு இல்லாதது கதவு மட்டும்தான்.

ஆலங்குளத்துக்கு மேற்கே செம்பாறைக்குளம் என்று ஒரு ஊர். சங்கத்துக்கு ஆள் சேர்க்கப் போயிருந்தேன். ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் மடியில் சுளகை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உபரி மதிப்பு என்றால் என்ன என்று விளக்குகிறேன், ஒருத்தியும் நிமிரவில்லை. கடைசியில் இருந்த ஒரு குமரி மட்டும் இலையைச் சுருட்டிக்கொண்டே ஏதோ முனகினாள். அவள் அம்மா, அப்போது நடுவயது, பூத்தாய் என்று பெயர், கையிலிருந்த சுளகாலேயே அவள் வாயில் ஒரு அடி போட்டாள்.

"ஏட்டி, வீட்டுக்குள்ள வச்சு அந்தப் பாட்ட எடுக்கியே, யாருட்டி செத்துட்டா இங்க?"

அது ஒப்பாரி தம்பி. அந்தக் குமரிதான் பேச்சித்தாய். அவள் அப்பா பனையேறி. பனையிலிருந்து விழுந்து செத்துப்போனார். அன்றைக்குப் பூத்தாய் மார்பில் அடித்துக்கொண்டு பாடின பாட்டு.

'உச்சிப் பனையேறி ஓலை வெட்டப் போனவரே
மிச்சப் பனை நிக்குதய்யா மேல பாத்து நிக்குதய்யா.'

அங்கே ஒரு வழக்கம். செத்த வீட்டைத் தவிர வேறெங்கும் ஒப்பாரியை வாயெடுக்கக் கூடாது. சும்மா முனகினாலும் அடி. நான் சொன்னேன், "பாட்டுக்கு ஏதம்மா தீட்டு? நம்மைப் பயத்திலேயே வைத்திருக்க யாரோ செய்த ஏற்பாடு." அந்தக் குமரியைக் குளத்தங்கரைக்கு வரச் சொல்லிப் பாடச் சொன்னேன். பாடினாள். தம்பி, எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கூட்டம் தெரியும். இந்தக் குரல் எவ்வளவு பேரை நிறுத்தும் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

இரவோடு இரவாக உட்கார்ந்து பாட்டை எழுதினேன்.

'உச்சி வெயிலேறி உரிமை கேக்க வந்தவரே
மிச்சப் படை நிக்குதய்யா மேல பாத்து நிக்குதய்யா.'

எப்படி? ஓரிரு சொல் மாற்றினேன், அவ்வளவுதான். ஓரிரு சொல்லில் ஒரு சாவை ஒரு போராட்டமாக்கினேன். எழுதுவது என்றால் அதுதான்.

பூத்தாய்க்குப் பிடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, சொல்லத்தானே மாத்திருக்கிய, மெட்டு அதேதான இருக்கு. பொணம் இல்லாத எடத்துல அத எடுத்தா, அது பொணத்தத் தேடிக்கிட்டு அலையும்" என்றாள். அப்படியே நான் ஒரு நோட்டீஸில் போட்டேன், மூடநம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக. பெயரோடு போட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. படிப்பறிவு இல்லாதவர்கள் அச்சைப் பார்த்தால் பயப்படுவார்கள்.

பேச்சித்தாய் பாடினாள். கடையம், பாவூர்ச்சத்திரம், அம்பை என்று ஊர் ஊராக. ஒரு பெஞ்சுதான் மேடை. நான் ஒரு மணி நேரம் பேசுவேன், பிறகு அவள் பாடுவாள். வரிசையை மாற்றக் கூடாது. அவள் முதலில் பாடினால் நான் பேசும்போது கூட்டம் கலைந்துவிடும். அது மக்களின் குறைபாடு. அவளுக்கு வேறு பாட்டும் தெரியும். தாலாட்டு, நையாண்டி, கல்யாணக் கேலி, மழைப்பாட்டு. ஒருநாள் ஆசையாகக் கேட்டாள், "அண்ணாச்சி, சிரிப்பாணி வார மாதிரி ஒண்ணு படிக்கட்டுமா? பொம்பளையெல்லாம் மொகத்தத் தூக்கிக்கிட்டு இருக்காவ" என்று. முதலாளி சிரிக்கிற நாட்டில் நாம் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

வெள்ளத்துரையை அவளுக்குக் கட்டிவைத்ததும் நான்தான். சங்கத்துப் பையன், சுமைதூக்கி. தாலி இல்லை, மேளம் இல்லை, நான் ஒரு மணி நேரம் பேசினேன். அந்தக் கல்யாணத்திலும் இதே பாட்டைத்தான் பாடினாள். பூத்தாய் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிறகு வேலைநிறுத்தம். கம்பெனி இலையை வேறு ஊருக்குக் கடத்தப் பார்த்தது. லாரி வருகிற பாதையில் படுப்பது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தேன். வெள்ளத்துரை முன்வரிசை. அவனைப் போல ஒரு தோழனை நான் பார்க்கவில்லை தம்பி. படு என்றேன், படுத்தான். லாரி சத்தம் கேட்டு மற்றவர்கள் எல்லாம் உருண்டு ஓடினார்கள். அவன் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் எழு என்று சொல்லவில்லை. அவன் எழவில்லை. அப்படிப்பட்ட கட்டுப்பாடு.

பூத்தாய் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், பாட்டு தேடிக்கொண்டது என்று. முட்டாள்தனம். அவனைத் தேடி வந்தது பாட்டு அல்ல, லாரி.

இரண்டாம் பாட்டு முடிந்துவிட்டது போல. கைதட்டுகிறார்கள். இன்னும் இரண்டு மூன்று இருக்கும். அந்த ஜன்னல் திறக்குமா? திறக்காதா. அதற்கும் கம்பியா. சரி.

உடலைக் கடைத்தெருவில் வைத்தோம். சுற்று வட்டாரமே வந்திருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு ஆரம்பிக்கப் போனார்கள். நான் தடுத்தேன். "இங்கே யாரும் அழக் கூடாது. அழுதால் கம்பெனி ஜெயித்தது என்று பொருள்." பேச்சித்தாயைக் கையைப் பிடித்து எழுப்பிப் பெஞ்சின் மேல் ஏற்றினேன். மைக்கைக் கொடுத்தேன். வாய் திறந்தாள். எடுத்தாள் அதே மெட்டை. முதல் வரி அவளுக்குக் குழம்பிவிட்டது, பனை என்று ஆரம்பித்துவிட்டாள். நான் கீழே நின்று சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அப்படியே பிடித்துக்கொண்டு பாடினாள் பாருங்கள்! கூட்டம் மொத்தமும் முஷ்டியை உயர்த்தியது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவள் வாழ்க்கையில் அதைவிட நன்றாக அவள் ஒருநாளும் பாடியதில்லை. துபாயில் பாடட்டும், எங்கே வேண்டுமானாலும் பாடட்டும், அதுதான் உச்சம். அதைக் கொடுத்தது நான்.

ஏன் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? இங்கே காற்று இல்லை, அதுதான். எனக்கும் மூச்சு முட்டுகிறது. மேனேஜர், ஓய் மேனேஜர்! கதவைத் திறவும்! கேட்காது. ஸ்பீக்கர் அந்தப் பக்கம்.

அந்தப் பாட்டால் வேலைநிறுத்தம் கலையாமல் நின்றது. ஜெயித்ததா என்று கேட்கிறீர்களா? வரலாற்றுப் பார்வையில் ஜெயித்தது. கம்பெனி அந்த வட்டாரத்தில் இலை கொடுக்கிற கடைகளை மூடிவிட்டு வேறு பக்கம் போனது, அது வேறு விஷயம்.

ஒரு வருஷம் கழித்து, அவன் நினைவு நாள் கூட்டத்துக்கு முன்னால், அவள் என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் வேண்டாமே" என்றாள். ஏன் என்றேன். "அந்த மெட்ட எடுத்தாலே கைதட்டுதாவ. குளத்தங்கரைல தனியா ஒக்காந்து எடுத்தாலும் யாராவது வந்து கோஷம் போடுதாவ. அவ்வொளுக்கு நான் இன்னும் அழுவவே இல்ல. எங்க போயி அழுவ?"

கைதட்டுகிறார்கள் என்று குறைபடும் பாடகியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? புகழ் தலைக்கு ஏறும்போது முதலில் இப்படித்தான் வரும். நான் சமாதானப்படுத்திப் பாடவைத்தேன்.

அடுத்த மாசம் அவள் ஒரு கோயில் கொடைவிழாவில் போய் நையாண்டிப் பாட்டுப் பாடிவிட்டாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். கமிட்டி கூட்டினேன். விளக்கம் கேட்டேன். "சிரிச்சாவ அண்ணாச்சி, அவ்வளவுதான்" என்றாள். நீக்கினோம். 'பேச்சித்தாய் என்னும் துரோகி' என்று நோட்டீஸ் போட்டு, அவள் பாடிய எல்லா ஊரிலும் ஒட்டினேன். அதை ஒட்டின இடத்தில் திருநெல்வேலி கேசட் கடைக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். இவ்வளவு பெரிய ஆத்திரத்தைக் கிளப்புகிற பாடகி யார் என்று தேடிப் போயிருக்கிறார். அப்படித்தான் கேசட், அப்படித்தான் டிவி, அப்படித்தான் சினிமா. பாருங்கள், அதையும் நான்தான் செய்தேன். ஒரு பேட்டியில்கூட அவள் இதைச் சொல்வதில்லை.

சினிமாவில் அந்தப் பாட்டை என்ன செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'உச்சி மலையேறி ஊதாப்பூ பறிச்சவரே, மிச்சப் பூவும் நிக்குதய்யா.' தவில், டிரம்ஸ், விசில். ஓரிரு சொல்லை மாற்றிவிட்டு, பாடல் என்று எவனோ தன் பெயரைப் போட்டுக்கொண்டான். மெட்டு வேறொருவருடையது என்ற வெட்கம் வேண்டாமா? அடுத்தவர் வயிற்றிலிருந்து வந்ததை எடுத்து, மேலே ரெண்டு சொல்லைத் தடவி, என்னுடையது என்று சொல்ல எப்படி மனசு வரும்? நான் கண்டித்து நோட்டீஸ் போட்டேன். 'பாட்டுத் திருடர்கள்' என்று தலைப்பு.

அதிலிருந்து எந்த மேடைக்குப் போனாலும் அந்தப் பாட்டு. முடிவில் அதைப் பாடித்தான் ஆக வேண்டும். பாடாமல் இறங்கினால் நாற்காலி பறக்கும். ஒப்பந்தத்திலேயே அது இருக்குமாம். ஒரு பேட்டியில் அவளிடம் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டார்கள். சிரித்துவிட்டு, "பாடாம இருக்குறது" என்றாள். எல்லோரும் நகைச்சுவை என்று சிரித்தார்கள். திமிர்.

எனக்கு அவளிடம் எந்தக் கடமையும் கிடையாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கண் ஆபரேஷன் நடந்தது. என்மேல் இருந்த மரியாதையில் ஆஸ்பத்திரியே செலவைப் பார்த்துக்கொண்டது. அவள் டிரைவர் மூன்று நாளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஏதோ கண் கோளாறு போல.

சங்கம்? சங்கம் இருக்கிறது. நான் இருக்கிறேனே. கட்டடத்தை விற்றுவிட்டார்கள், பெயர்ப்பலகை என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தம்பி, உள்ளபடி சொன்னால், மிச்சமாக நிற்பது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதையும் இந்த வீட்டில் பாடிவிட்டால், நாற்பது வருஷம் நான் செய்ததற்கு என்ன பொருள்? அதனால்தான் போன வாரம் அவளுக்குப் போன் செய்தேன். சொன்னேன், அங்கே பாடாதே என்று. முழுக்கக் கேட்டாள். பிறகு, "கல்யாணத்துக்கு வாங்க அண்ணாச்சி. அங்கன வச்சுப் பேசித் தீத்துக்கிடுவோம்" என்றாள். குரல் சாதுவாக இருந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தேன்.

இருங்கள். சத்தம் போடாதீர்கள். கேட்கிறதா? ஊதாப்பூ, ஊதாப்பூ என்று கத்துகிறார்கள். தவில்காரர் தட்டிப் பார்க்கிறார். வந்துவிட்டது. பட்டுராஜன், இந்தக் கதவை உடைக்க முடியுமா? தோளைக் கொடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து இடிப்போம். ஏன் நிற்கிறீர்கள்? உங்களுக்கு வேலை போய்விடுமா? சரி, நான் தனியாக இடிக்கிறேன். ஹூம். ஹூம். தேக்கு.

நின்றுவிட்டது. தவில் நின்றுவிட்டது. பேசுகிறாள். என்ன பேசுகிறாள்? காதை வையுங்கள்.

"...எல்லாரும் கேக்குதிய, பாடணும்தான். ஆனா அது என் பாட்டு இல்ல கேட்டியளா. என் அம்மைக்கும் இல்ல. எழுதுனவுக வேற. நான் முப்பது வருசத்துக்கு மேல சொமந்துட்டேன், இனிமே முடியாது. ஒடயவுகட்டயே குடுத்துருதேன். எங்க தவசிக்கனி அண்ணாச்சி இந்த மண்டபத்துலதான் இருக்காவ. பத்திரமா உக்கார வச்சிருக்கேன். இன்னைக்கு அண்ணாச்சியே பாடுவாவ. சந்திரசேகர் அய்யா, நீங்களே போயிக் கூட்டிட்டு வாங்க. நான் கீழ உக்காந்து கேக்கப் போறேன். நான் அந்தப் பாட்ட உக்காந்து கேட்டதே இல்ல..."

கைதட்டுகிறார்கள். என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். இத்தனை பேர் என் பெயரைச் சொல்லிக் கேட்டு... நோட்டீஸ் அண்ணாச்சி என்றும் சிலர் கத்துகிறார்கள். கேட்டீர்களா, என் பாட்டு என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டாள். கடைசியில் சொல்லிவிட்டாள்.

செருப்புச் சத்தம். நிறையப் பேர் வருகிறார்கள்.

"அண்ணாச்சி, நான் சந்திரசேகர். பொன்னாடையோட வந்திருக்கேன். அப்பாவுக்கும் உங்களுக்கும் இருந்ததெல்லாம் பழைய கதை. பொண்ணு மாப்பிள்ளை காத்திட்டிருக்காங்க, வந்து ரெண்டு வரி பாடுங்க. அந்தச் சாவிய எங்க வச்சீங்கப்பா?"

பாடலாம். பாடினால் என்ன. என் பாட்டு. எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு மணி நேரம் பேசிவிட்டுக்கூடப் பாடலாம். முதல் வரி... உச்சிப் பனையேறி... இல்லை. இல்லை, அது பூத்தாயுடையது. என்னுடையது வேறு. உச்சி... உச்சிப் பனையேறி ஓலை வெட்ட... தம்பி, என்னுடையது எப்படி ஆரம்பிக்கும்? இப்போதுதானே உங்களிடம் சொன்னேன்? எடுத்துக் கொடுங்கள். கீழே நின்று ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும், நான் பிடித்துக்கொள்வேன். ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்?

அவள் கீழே உட்கார்ந்திருக்கிறாள். முன்வரிசையில். தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாள்.

சாவி விழுகிற சத்தம். நுழைக்கிறார்கள். பட்டுராஜன், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது பாருங்கள், மேலே, உங்கள் தலைக்கு மேலே.

போடுங்கள்.